முதல் விருப்பம் ஹிஸ்டரி

எங்கள் தருமபுரிப் பக்கத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பாடங்களுக்குள் ஒரு அந்தஸ்து வரிசை தானாக அமைந்துவிடும். மார்க் அதிகம் வாங்கிய பிள்ளை நர்சிங், இன்ஜினியரிங் என்று போகும். அடுத்த படியில் பி.காம்., கம்ப்யூட்டர். அதற்கும் கீழே தமிழ், இங்கிலீஷ். இவை எதிலும் இடம் கிடைக்காமல், "எதாச்சும் ஒண்ணுல சேத்துவுடுங்க சார்" என்று அப்பாவோடு வருகிற பிள்ளைக்கு ஹிஸ்டரி. கடத்தூர், பொம்மிடி, புட்டிரெட்டிப்பட்டி, எங்கே விசாரித்தாலும் இதுதான் நடப்பு. "என்ன மேஜர்?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும்போதே பிள்ளையின் குரல் இறங்கிவிடும்.

சோசியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி மிச்சத்தில் வந்து சேர்ந்தவர்களில் நல்ல ஆசிரியர் ஆனவர்கள் உண்டு. பாதியில் விட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்களுக்குப் புத்தி குறைவு என்று நினைக்க வேண்டாம். இந்த வேலைக்குப் போகிற வழி நீளம். நடுவில் பல வருடம் சும்மா நிற்கவும் வேண்டியிருக்கும். விரும்பி எடுத்தவனுக்கே அந்த நிற்பில் கால் வலிக்கும். வேறு கிடைக்காமல் எடுத்தவன், பெங்களூரில் ஒரு வேலை இருக்கிறது என்று யாராவது சொன்ன அன்றே பஸ் ஏறிவிடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் சோசியல் டீச்சர் ஆக வேண்டும் என்று வருகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது மார்க்கை இல்லை. இதைத் தேடி வந்தாயா, தள்ளிவிடப்பட்டு வந்தாயா என்றுதான்.

தேடி வந்த பிள்ளைக்கு அடுத்து நான் சொல்வது, கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்கு என்பது. எங்கள் ஆட்கள் கல்லூரியிலிருந்து தொடங்குவார்கள். எந்தக் கல்லூரி, ஹாஸ்டல் உண்டா, பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரிந்திருக்கும். மூன்று வருடம் கழித்து வாங்கப் போகும் பட்டம் அரசுப் பள்ளியில் எந்தப் பதவிக்குச் செல்லும் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது நாம் சொல்கிற டி.ஆர்.பி., 1987 முதல் இருக்கிறது. அது வெளியிட்ட பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியை நிதானமாக ஒரு தடவை வாசித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அதில் என்ன இருக்கிறது? ஆறு முதல் பத்து வரை சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் பணியை இரண்டு பெயரில்தான் அறிவிக்கிறார்கள்: ஒன்று வரலாறு, மற்றொன்று புவியியல். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கும் இருக்கிறதே, பி.ஏ. எகனாமிக்ஸ் படித்தாலும் சோசியல் டீச்சர் ஆகலாமே என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான், நடைமுறை அப்படி இல்லை. பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் படித்தவர்கள் அதே பாடத்தில் முதுகலையும் முடித்த பிறகே பி.எட். சேர முடிகிறது. பொருளியல் எம்.ஏ., பி.எட். முடித்தவர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்குப் போகலாம். எட்டாம் வகுப்பு சோசியலுக்கு வர முடியாது. இதை மூன்றாம் வருடக் கடைசியில் தெரிந்துகொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொல்ல ஆளில்லாமல் போனது ஒன்றுதான் அவர்கள் செய்த பாவம்.

பட்டத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். வரலாற்றோடு சுற்றுலாவையோ வேறு எதையோ சேர்த்துப் புதுப் பெயரில் பட்டம் தரும் கல்லூரிகள் உண்டு. கேட்க அழகாக இருக்கும். பணி நியமனத்தின்போது அது வரலாற்றுப் பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி வரும். இணைத்தன்மைக்கு அரசாணை இருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் அலைச்சல். ஆகவே சான்றிதழில் 'வரலாறு' அல்லது 'புவியியல்' என்று மட்டும் அச்சாகிற பட்டமே நல்லது. ப்ளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கும் பட்டமும் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லாது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை முறையாக இருக்க வேண்டும்.

மார்க் விஷயம். பட்டத்தில் எடுக்கும் சதவீதம் பி.எட். வாசலில் கேட்கப்படும். பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40 என்பது நம் மாநிலத்து அளவு. 'பாஸ் ஆனால் போதும்' என்று அரியரோடு ஓட்டுகிறவர்கள் இந்த எண்ணை அறைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

இன்னொன்றைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010-ல் சட்டமானது. 2020-ல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்றார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிதான். அது ஒரு குறை என்று கூச்சப்பட்டுக்கொண்டு, கல்லூரியில் போய் ஆங்கில வழிக்கு மாறி, கையில் இருந்த உரிமையை விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வரலாற்று நூல்கள் பல அந்த மொழியில்தான் இருக்கின்றன, கற்கத்தான் வேண்டும். அதைப் படித்துக் கற்கலாம், சான்றிதழை இழந்து கற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் டி.சி. வாங்கும்போதே தமிழ் வழிச் சான்றையும் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்தைத் தேடி அலைய வேண்டாம்.

சரி, வரலாறா புவியியலா? இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. 2023 அக்டோபரில் டி.ஆர்.பி. 2222 பட்டதாரி ஆசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அதில் வரலாற்றுக்கு முந்நூற்றுக்கும் மேல், புவியியலுக்கு ஏறத்தாழ நூறு. இதைப் பார்த்து வரலாறுதான் லாபம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரலாறு பல அரசுக் கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. புவியியல் இருக்கிற கல்லூரியைத் தேட வேண்டும். அதனால் வரலாற்றில் இடமும் அதிகம், போட்டிக்கு நிற்கிற தலைகளும் அதிகம். புவியியலில் இரண்டும் குறைவு. லாப நட்டம் பார்த்தால் எந்தப் பக்கமும் பெரிதாகச் சாயாது. எனவே பிள்ளையிடம் வேறொன்று கேட்பேன்: பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரீட்சை முடிந்த பிறகும் எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாய்? வரைபடத்தை விரல் வைத்துப் பார்த்த பிள்ளை புவியியலுக்குப் போகட்டும். யார் யாரை ஏன் தோற்கடித்தார்கள் என்று அப்பாவைத் தொந்தரவு செய்த பிள்ளை வரலாற்றுக்குப் போகட்டும். எதையும் திருப்பிப் பார்க்காத பிள்ளை என்றால் வேறு படிப்பை யோசிப்போம்.

எதை எடுத்தாலும் வகுப்பறையில் நான்கையும் நடத்த வேண்டியிருக்கும். இந்தக் கூட்டுப் பாடம் நம்முடைய பழைய பள்ளிக்கூடத்தில் இருந்ததில்லை. அமெரிக்காவில் 1916-ல் ஒரு கல்விக் குழு வரலாறு, குடிமையியல் போன்றவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. இங்கே 1952-53-ல் இடைநிலைக் கல்விக் குழு சமூகப் பாடத்தை எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக வைக்கப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார். நோக்கம் நல்லது: மழை ஏன் பொய்த்தது, பஞ்சம் ஏன் வந்தது, அரசு என்ன செய்தது என்ற மூன்றையும் மூன்று வாத்தியார் தனித்தனியாகச் சொல்லாமல் ஒருவரே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நம் பல்கலைக்கழகம் இன்னும் தனித்தனியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளியில் நான்கு, பட்டத்தில் ஒன்று. இந்த இடைவெளியை எந்தக் கல்லூரியும் நிரப்பித் தராது. வரலாறு எடுத்த பிள்ளை, ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் புவியியல் புத்தகங்களை மூன்று வருடத்துக்குள் தானாகப் படித்து முடிக்க வேண்டும். புவியியல் எடுத்த பிள்ளைக்கு வரலாறு. பள்ளிப் புத்தகம்தானே என்று ஏளனமாகத் தெரியும். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, நேர வேறுபாடு இவற்றை ஏழாம் வகுப்புக்குப் புரிய வைக்கத் திணறிய எம்.ஏ. வரலாற்றுக்காரர்கள் எனக்குச் சகாக்களாக இருந்திருக்கிறார்கள்.

கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, தருமபுரியில் 1965 முதல் இருக்கிற அரசுக் கல்லூரி, அரூரில் ஒன்று. சேலம் அரசுக் கலைக் கல்லூரிக்குப் பொம்மிடியில் ரயில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்பிள்ளைக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2022-ல் செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். மாதம் 1000 என்பது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போதும். அது வீட்டுச் செலவில் கரையாமல் பார்த்துக்கொள்வது தாயின் சாமர்த்தியம்.

பி.எட்.டில்தான் எச்சரிக்கை வேண்டும். 2015-16 முதல் அது இரண்டு வருடப் படிப்பு. அதற்கு முன் ஒரே வருடம். இரண்டு வருடம் ஆக்கியதன் முக்கியக் காரணம் பள்ளியில் நின்று பயிற்சி எடுக்க நேரம் தருவது. மொத்தம் 20 வாரம். இதைத்தான் சிலர் விலைக்கு விற்கிறார்கள். "வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க, மற்றதை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் இடங்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை அந்த நேரத்தில் வேலைக்குப் போகலாம் என்பது பெற்றோர் கணக்கு. நாற்பது பிள்ளைகள் முன் முதன்முதலாக நிற்கும்போது தொண்டை அடைக்கும். கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதைப் பயிற்சி மாணவியாக, பக்கத்தில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போது சந்திப்பது நல்லதா, சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு தனியாகச் சந்திப்பது நல்லதா? தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் ஏழுதான். சைதாப்பேட்டையில் இருப்பது 1856-ல் தொடங்கியது; பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்கூட 1910-ல் அங்கே ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர். நமக்குப் பக்கம் குமாரபாளையம், அடுத்து வேலூர். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போக வேண்டும். பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கே வருடத்தில் முடிக்கும் பி.ஏ.பி.எட். மைசூரில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் உண்டு. தென் மாநிலங்களுக்கென்று மத்திய அரசு நடத்துவது. நுழைவுத் தேர்வு இருக்கிறது, படிப்பு ஆங்கிலத்தில். தைரியம் உள்ள பிள்ளை முயலலாம். ஒரு வருடம் மிச்சம்.

இவ்வளவு நேரம் காகிதத்தைப் பற்றியே பேசினேன். அந்த மூன்று வருடம் எதற்கு என்பதை இனிச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பேச்சு இதுதான்.

வரலாறு டெல்லியிலும் லண்டனிலும் நடந்தது என்ற நினைப்போடுதான் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். கடத்தூரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி சீமை அதில் அடக்கம். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை மன்றோ இந்தப் பக்கத்தில் குதிரையில் சுற்றி வயல் வயலாக அளந்தார். ஜமீன்தார் நடுவில் இல்லாமல் விவசாயியிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் முளை விட்டது. பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே முறையானது. மன்றோ 1820-ல் மாகாண கவர்னர் ஆனார். புத்தகத்தில் இது நாலு வரி. பிள்ளை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கும். அதே பிள்ளையின் வீட்டுப் பெட்டியில் பட்டா இருக்கிறது, சர்வே எண் இருக்கிறது, பங்காளிச் சண்டையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்திருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கும் இந்த நாலு வரிக்கும் உறவு உண்டு என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர் வேண்டாமா?

இன்னும் பழசு வேண்டுமா? தகடூர் என்று சங்க காலத்தில் பேர் பெற்றது நம் தருமபுரி. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சதியபுத்திரர் என்று ஒருவரைக் குறிப்பிட்டார். யார் அவர் என்று அறிஞர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில், ஒரு பாறைக் குகையில் தமிழ் பிராமியில் எழுதிய வரி கிடைத்தது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரும் சதியபுத்திரர் என்ற பட்டமும் ஒன்றாக இருந்தன. மௌரியப் பேரரசன் கல்லில் பொறித்த ஆள் நம் ஊர்க்காரர் வம்சம். நம் வயல்வரப்பில் நிற்கும் நடுகற்களுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். அவற்றில் எழுத்து இருந்தால் அது ஆவணம். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் பேரும், அவன் காலத்து அரசன் பேரும் அதில் இருக்கும். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வரலாறு மேஜர் எடுத்த பிள்ளை அங்கே ஒரு நாள் முழுக்கச் செலவிடாமல் பட்டம் வாங்கினால் அது என்ன பட்டம்? தென்கரைக்கோட்டைக்கும் ஒரு நடை போய்வரலாம், பக்கம்தான்.

புவியியலுக்கும் தூரம் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். அசலூர் ஆசிரியர் வந்தால், பல் விளக்கவில்லை என்று திட்டுவார். பாறைக்குள் இருக்கும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருவதால் அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மழை குறைய, கிணறு ஆழமாக, நஞ்சும் ஏறியது. இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் காவிரித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பாறை, மழை, நிலத்தடி நீர், அரசுத் திட்டம், வெளிநாட்டுக் கடன் எல்லாம் ஒரு பிள்ளையின் பல்லில் இருக்கிறது. ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

குடிமையியல் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம், அதிலே கசப்பும் இருக்கிறது. எளிதானதிலிருந்து தொடங்குவோம்: கடத்தூரில் பேரூராட்சி அலுவலகம் இருக்கிறது, ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எங்கே போக வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் தவறாகச் சொல்வார்கள். பக்கத்து ஊராட்சிப் பிள்ளைக்கு ஒரு பதில், கடத்தூர்ப் பிள்ளைக்கு வேறு பதில் என்பது உள்ளாட்சி அமைப்பின் முதல் பாடம். கடினமானது வாச்சாத்தி. சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரர்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நாசம் செய்தார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீட்டை 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முப்பத்தொரு வருடம். அரசு என்பது சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று புத்தகம் சொல்கிறது. கட்டுப்படாதபோது என்ன ஆகும், யார் விடாமல் நின்றால் அது மறுபடி கட்டுக்குள் வரும் என்பதை நம் மாவட்டத்திலேயே காட்டலாம். வகுப்பில் எந்த அளவு சொல்வது, எந்த வயதில் சொல்வது என்று முடிவெடுப்பது ஆசிரியரின் வேலை. அதற்குப் பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவத்தை கைடு புத்தகம் தராது.

இப்படிப் படித்த பிள்ளைக்குக் காத்திருக்கிற காலம் வீணாகாது. காத்திருக்கத்தான் போகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து சீனியாரிட்டி வரும்வரை நின்றோம். தலை நரைத்த பிறகு ஆர்டர் வாங்கியவர்கள் உண்டு. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2010-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வை, நம் டெட்டை, கட்டாயமாக்கியது. 2012 ஜூலை 12-ல் இங்கே முதல் டெட். ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதியதில் தேறியவர்கள் 2448 பேர். ஊரே அரண்டது. பிறகு டெட் மார்க்கோடு ப்ளஸ் டூ, பட்டம், பி.எட். மார்க்கையெல்லாம் சேர்த்து வெயிட்டேஜ் என்றார்கள். 2018-ல் அதுவும் போய், டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். டெட்டும் வருடா வருடம் வருவதில்லை. 2013-க்குப் பிறகு 2017, 2019. பிறகு 2022-க்குரிய இரண்டாம் தாள் 2023-ல். அடுத்தது 2025 நவம்பர். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்றுவிட்டது. எனக்குத் தெரிந்த, ஐம்பதை நெருங்கிய ஆசிரியர்கள் இப்போது ராத்திரியில் படிக்கிறார்கள்.

ஆக, இன்று முதலாண்டு சேரும் பிள்ளை ஐந்து வருடம் கழித்து வெளியே வரும்போது விதி இப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. டெட் இரண்டாம் தாளில் 150-க்கு 60 மார்க் சமூக அறிவியல், மீதி குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம் தலா 30. போட்டித் தேர்விலும் தமிழ்த் தகுதித் தாளில் தேறினால்தான் பாடத்தாளைத் திருத்துவார்கள். இந்த ஏற்பாடும் மாறலாம். ஆனால் எந்த விதியும் பாடம் தெரிந்தவரைக் கேட்காமல் இருந்ததில்லை.

காத்திருப்பில் சோறு வேண்டும். ஐந்து வருடப் படிப்பை முடித்த மகள் தனியார் பள்ளியில் சேர்ந்தால், முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து அப்பாவுக்குக் கோபம் வரும். அங்கே போவதில் தவறில்லை. வகுப்பு எடுத்து எடுத்துத்தான் வாய் திறக்கும். கூடவே குரூப் 2, குரூப் 4 எழுத வேண்டும். பொது அறிவுத் தாளில் பெரும்பகுதி சோசியல்தான். கணக்குப் படித்தவர்களைவிட நம் பிள்ளைக்கு அங்கே கால் ஊன்ற இடம் உண்டு. வி.ஏ.ஓ. ஆகிவிட்ட ஹிஸ்டரிக்காரர்கள் எங்கள் தாலுகாவிலேயே இருக்கிறார்கள். ஆசிரியர் ஆகவில்லையே என்ற வருத்தம் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். வகுப்பறையை விரும்பினவளுக்கு வி.ஏ.ஓ.வின் அடங்கல் புத்தகம் ஈடாகாது. சோற்றுக்கு வழி இருந்தால்தான் அடுத்த டெட் வரை தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. டிகிரி முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்து, "பி.எட். அங்க போய் படிச்சுக்கலாம்" என்று மாமியார் வீட்டில் வாக்கு வாங்குவீர்கள். அந்த வாக்கு பெரும்பாலும் முதல் குழந்தையோடு முடிந்துவிடும். இரண்டு வருடம் பொறுங்கள். எங்கள் மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி, 68.5 சதவீதம். அந்த எண்ணை ஏற்ற வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

மே மாதம் அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் திறக்கும்போது கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். பாட விருப்பம் கேட்கும் கட்டத்தில் அவர் அவசரத்துக்கு எதையாவது தட்டிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, முதல் விருப்பத்தில் வரலாறோ புவியியலோ, பிள்ளைக்குப் பிடித்ததைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவதில் மற்றொன்று. மூன்றாவதில் வேறு ஏதாவது போட வேண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது வந்துவிட்டால், பணம் கட்டும் முன் எங்கள் தெருப் பக்கம் ஒரு நடை வாருங்கள், இரண்டாம் கலந்தாய்வுக்குப் பொறுக்கலாமா என்று உட்கார்ந்து பேசுவோம்.